பதினான்காம் வளைவு

அடிவாரம் தாண்டியதும்
பெட்டியில் என்ன என்று கேட்டார் பக்கத்து சீட் அம்மா.
கல், என்றேன்.
மலைக்கே கல் கொண்டு போறீங்களா என்று
அவர் சிரித்த சிரிப்பில்
முன் சீட்டுக்காரரும் திரும்பிச் சிரித்தார்.

எடைக்கல்லுங்க, பித்தளை. நான் முத்திரை ஆய்வாளர்.

சொல்லியிருக்கக் கூடாது.
அவர் காலடியில் கருவாட்டுக் கூடை,
கூடைமேல் கோணி,
கோணிக்கு வெளியே தொங்கிய தராசுச் சங்கிலி
மெல்ல உள்ளே போய்விட்டது.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
நான் என் செருப்பைப் பார்த்தேன்.
ஒன்பது வளைவுகள் நாங்கள் பேசவில்லை.

பதினான்காம் வளைவில் வண்டி இருமி நின்றது.
டிரைவர் இறங்கி, எஞ்சினைத் திட்டி,
மெக்கானிக் வர முக்கால் மணி ஆகும் என்றார்.
முக்கால் என்றால் ஒன்றரை என்று
எல்லோருக்கும் தெரிந்திருந்தது.
மூடுபனி ஏறி வந்து
சேலத்தை, வெள்ளைக்கல் மேடுகளோடு சேர்த்து
அழித்துவிட்டுப் போனது.
யாரோ தட்டுவடை செட் பொட்டலம் பிரித்தார்கள்.
நாலு பேருக்கு வாங்கியது.
பதினோரு பேர் தின்றோம்,
பீட்ரூட் துருவல் எல்லோர் விரலிலும்.

நாகலூர் போகும் பெண்ணொருத்தி
கைக்குழந்தையோடு மைல்கல்லில் உட்கார்ந்திருந்தாள்.
பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் திரும்புகிறாள்.
பொறக்கறப்ப ஒண்ணு எண்ணூறு, என்றாள்,
யாரிடமும் இல்லாமல்.
இருபது நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க.
இன்னைக்கு எடை மெஷின் ரிப்பேராம்.
சீட்டை நீட்டினாள். ஒரு கட்டம் மட்டும் காலி.

கருவாட்டம்மா என்னைப் பார்த்தார்.
நான் கோணியைப் பார்த்தேன்.

தராசு வெளியே வந்தது.
தட்டை அவரே கழுவினார், தன் பாட்டில் தண்ணீரில்.
வாடை போகவில்லை.
கல்லூரிப் பையனின் பாட்டிலைப் பிடுங்கி மறுபடி கழுவினார்.
துண்டு விரித்தார் கண்டக்டர்.
துண்டும் எடைதானே, என்றார்
இரும்பாலையில் ஷிப்டு முடித்து வந்தவர்.
மறு தட்டில் டிரைவரின் துண்டு.
கண்டக்டர் துண்டு கொஞ்சம் கனம்;
சரிக்கட்ட ஒரு வேப்பங்கொட்டை தேடி, கிடைக்காமல்,
யாரோ இரண்டு பாக்கு வைத்தார்கள்.

டிரைவர் தூக்கிப் பிடித்தார்.
குழந்தையின் கால்கள் தட்டுக்கு வெளியே.
நான் இரண்டு கிலோ வைத்தேன், ஒன்று வைத்தேன்,
ஐந்நூறு வைத்தேன், இருநூறு வைத்து எடுத்தேன்,
நூறு வைத்தேன்.
குழந்தை தும்மியது.
முள் பதறி அலைந்தது.
ஒரு பஸ் ஜனம் மூச்சுவிடாமல் நிற்பதை
அன்றுதான் கேட்டேன்.
முள் நடுவுக்கு வந்தது. தயங்கியது. நின்றது.

மூணு அறுநூறு!
ரெட்டிப்பு, என்று கத்தினார் இரும்பாலைக்காரர்.
கண்டக்டர் இரண்டு விசில் ஊதினார்,
கீழ் வளைவிலிருந்து பனிக்குள் ஏதோ ஒரு லாரி
காரணம் தெரியாமல் ஹாரன் அடித்தது.
இன்னொரு தரம், என்றாள் அந்தப் பெண்.
இன்னொரு தரமும் போட்டோம்.
காலிக் கட்டத்தில் என் பேனாவால் எழுதினேன்.
என் உத்தியோகத்தில்
ஒரு எண்ணுக்கு யாரும் கைதட்டியதில்லை.

தராசின் முத்திரை போன வருஷத்தோடு முடிந்திருந்தது.
பார்த்தேன்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
சரியாத்தான் நிக்குதுங்க, என்றார்.
நிக்குது, என்றேன். வெள்ளிக்கிழமை முகாம் இருக்கு, எடுத்துட்டு வாங்க.

ஒண்டிக்கடையில் இறங்கும்போது
பாவாயக்கா என்று யாரோ கூப்பிட்டார்கள்.
அப்போதுதான் பெயர் தெரிந்தது.
ஒரு பிடி நெத்திலி நீட்டினார்.
லஞ்சமாயிடும்மா, என்றேன்.
அப்ப காசு குடுங்க, என்றார்.
இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு
எடை போடாமல் அள்ளித் தந்தார்,
இரு கையாலும்.

பெட்டியில் வைக்கும்முன் கற்களை
மெல்லிய துணியால் துடைக்க வேண்டும் என்பது விதி.
இரவு லாட்ஜில் திறந்தேன்.
இரண்டு கிலோ கல்லில் கருவாட்டு வாசம்,
நூறு கிராமில் ஒரு சிவப்பு விரல்ரேகை,
யாருடையதோ.
துணியைக் கையில் எடுத்தேன்.
பிறகு பார்த்துக்கொள்ளலாம்.